கை மறைக்காத சிரிப்பு



வன்னியில் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். படம் எடுத்த பிள்ளை "சிரியுங்கோ" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவரைக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். கூட்டங்களில் நல்ல யோசனைகளை வைத்திருப்பார். ஆனால் தான் எழுந்து சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்லி, அவரைக் கொண்டே சொல்ல வைப்பார்.

தேநீர் குடிக்கும் நேரம் தனியே என்னிடம் வந்தார்.

"அக்கா, முன்பள்ளிக்கு ஒரு ரீச்சர் எடுக்கினமாம். எனக்குப் படிப்பும் இருக்கு, பயிற்சியும் எடுத்திருக்கிறன். ஆனா இந்தப் பல்லோட பிள்ளையளுக்கு முன்னால போய் நிக்க ஏலாது. ரவுணில ஒரு இடத்தில கேட்டனான். பெரிய காசு சொல்லுகினம். லோன் எடுத்துச் செய்யட்டோ?"

அவர் கேட்ட இந்தக் கேள்விக்கான பதிலையே இந்த மாதம் உங்கள் எல்லோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். "சாப்பாட்டுக்கே வழியில்லை, இவளுக்குப் பல்லழகு கேட்குதோ" என்று சொல்பவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. பல்லை மறைப்பதற்காக ஒரு பெண் கதைக்காமல் இருக்கிறாள், வேலைக்குப் போகாமல் இருக்கிறாள், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கும் போகாமல் இருக்கிறாள் என்றால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. அவளது வாழ்க்கையைச் சுருக்கிவிட்ட ஒரு குறை அது. அதற்கு மருந்து தேடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் எதை, எங்கே, எந்த ஒழுங்கில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் காசும் போகும், இருக்கிற பல்லும் போகும்.

முதலில் நோய், பிறகு அழகு

அந்தச் சகோதரியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது முகம் அடிபட்டு மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. பக்கத்துப் பல் தப்பியது, ஆனால் வருடங்கள் போகப் போகக் கறுத்துவிட்டது. அந்த நாட்களில் உயிர் தப்பியதே பெரிது. முகாமிலும் மீள்குடியேறிய முதல் வருடங்களிலும் பல்லைப் பற்றி யார் யோசிப்பது? பிறகு 2013இல் வீடு வீடாக வந்த ஒருவர் "ஒரு மணித்தியாலத்தில் பல்லுக் கட்டித் தாறன்" என்று சொல்லி, போன பல்லின் இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் பல்லை வைத்து, இருபக்கத்துப் பற்களோடும் சேர்த்து ஒட்டிவிட்டுப் போனார். முதல் சில மாதங்கள் சந்தோஷம். அதன்பின் முரசு வீங்கத் தொடங்கியது. இரத்தம் வந்தது. வாய் மணத்தது. ஒட்டிய பல்லைக் கழற்றவும் முடியவில்லை.

நகரத்தில் அவருக்குச் சொல்லப்பட்ட பெரிய தொகை புதிய பற்களுக்கான விலை. ஆனால் அவரது வாய்க்கு முதலில் தேவைப்பட்டது புதிய பல் அல்ல. முரசு நோய் மாறவேண்டும். சூத்தை இருந்தால் அடைக்கவேண்டும். பற்காரை நீங்கவேண்டும். இவற்றுக்கு மேலே அழகு வேலை செய்வது கறையான் அரித்த மரத்துக்கு நிறம் பூசுவது போலாகும்.

இந்த முதற்கட்ட வேலைகளுக்கு அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. பரிசோதனை, பல் பிடுங்கல், பல் அடைத்தல், பற்காரை அகற்றல் என்பன அங்கே இலவசம். உங்கள் பகுதி வைத்தியசாலையில் பற்சிகிச்சை எந்த நாட்களில் நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்கிலிருந்து பற்பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் முரசு வீங்கி இரத்தம் வருவது அதிகம். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம்.

பல்லின் நிறம் ஏன் மாறுகிறது?

பல்லின் வெளிப்பகுதி மிளிரி எனப்படும். அது சற்று ஒளி ஊடுருவக் கூடியது. அதன் கீழே உள்ள பகுதி இயற்கையிலேயே மஞ்சள். ஆகவே ஆரோக்கியமான பல் தாள் போல வெள்ளையாக இராது. வயது போகப்போக மிளிரி தேய்ந்து மஞ்சள் கூடுதலாகத் தெரியும். சினிமாவிலும் விளம்பரத்திலும் பார்க்கும் வெள்ளையை எமது வாயில் தேட வேண்டியதில்லை.

ஆனால் வேறு நிறங்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. காரணத்தை அறிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம்.

வெற்றிலைக் காவி, தேயிலைக் கறை, சில வாய் கழுவும் மருந்துகளால் வரும் கறை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துப் பாணியால் வரும் கறை ஆகியவை பல்லின் மேலே படிபவை. பற்சிகிச்சை நிலையத்தில் சுத்தம் செய்து மினுக்கினாலே பெரும்பாலும் போய்விடும்.

வவுனியா, அநுராதபுரம், பொலநறுவை போன்ற வறண்ட பிரதேசங்களில் பலருக்குப் பற்களில் வெண்புள்ளிகளும் கபில நிறத் திட்டுக்களும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சரியாகப் பல் தீட்டாததால் இது வருவதில்லை. நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகமாக இருப்பதே காரணம். பற்கள் முரசுக்குள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்த பிள்ளைக்கே இது வரும். வளர்ந்த பிறகு குடிப்பவருக்குப் புதிதாகப் பல்லில் திட்டு வருவதில்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எமது போன்ற வெப்பமான இடங்களில் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதால் அதற்கும் குறைவாக இருப்பதே நல்லது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டுப் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் சொல்லி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மழைநீர் சேகரிப்பும், புளோரைட்டை நீக்கும் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரும் நல்ல மாற்று வழிகள்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறினால், எப்போதோ பட்ட அடியினால் அந்தப் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்த ஓட்டமும் செத்திருக்கலாம். இதற்கு வலி இல்லாமலும் இருக்கலாம். அப்படியான பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். வேரின் நுனியில் சீழ் கட்டியிருக்கக் கூடும்.

வெண்மையாக்கல்

"பிளீச்சிங்" என்று சொல்லும் சிகிச்சையில் ஐதரசன் பெரொக்சைட் அல்லது அதனை வெளிவிடும் வேறொரு பொருள் பயன்படுகிறது. அது பல்லினுள் ஊடுருவிக் கறையின் நிறத்தை மங்கச் செய்கிறது. பல் வைத்தியரின் கண்காணிப்பில் சரியான செறிவில் செய்தால் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் சில விடயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சில நாட்களுக்குப் பல் கூசும். விளைவு நிரந்தரமல்ல, தேநீரும் வெற்றிலையும் தொடர்ந்தால் நிறம் விரைவில் திரும்பிவிடும். அடைத்த பல்லும் கட்டிய பல்லும் இதனால் வெளுப்பதில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பிற்போடுவது நல்லது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டாம்.

அடிபட்டுக் கறுத்த பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தபின், உள்ளிருந்தே மருந்து வைத்து வெளுக்கச் செய்யலாம். கபிலத் திட்டுக்களுக்கு மேற்பரப்பை மெல்லிதாகத் தேய்த்து எடுக்கும் ஒரு முறை உண்டு. திட்டு ஆழமாக இருந்தால் பல்லின் நிறத்திலான பசையால் மூடலாம்.

கடையில் பெயர் தெரியாத "வெள்ளையாக்கும்" பொருட்களை வாங்கிப் பூச வேண்டாம். வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். தேசிக்காய்ப் புளி மிளிரியைக் கரைக்கும். செங்கல் தூள், சாம்பல், மணல், உமிக்கரி ஆகியவை மிளிரியைத் தேய்க்கும். முதலில் பளிச்சென்று தெரிவது உண்மைதான். ஆனால் தேய்ந்த மிளிரி மீண்டும் வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரியத் தொடங்கும், பல்லும் கூசும். எமது பாட்டிமார் கரியால் தீட்டினார்களே என்று கேட்பீர்கள். அவர்களில் பலரது பற்கள் எவ்வளவு தேய்ந்திருந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

உடைந்த பல், இல்லாத பல்

முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தாலோ இடைவெளி இருந்தாலோ, பல்லின் நிறத்திலான பசையை ஒட்டி, ஒளி பாய்ச்சி இறுக வைக்கிறார்கள். ஒரே வருகையில் முடியும். பல்லை வெட்டுவது மிகக் குறைவு. காலப்போக்கில் நிறம் மாறும், உடையும், திருத்த வேண்டிவரும். ஆனாலும் ஏனையவற்றோடு பார்க்கச் செலவு குறைந்த, நல்ல சிகிச்சை இதுவே.

"வெனியர்" என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. "கிரவுண்" என்பது பல் முழுவதையும் மூடும் தொப்பி. இரண்டுக்கும் பல்லைச் சீவ வேண்டும். சீவிய பல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பலவீனமான பல்லைக் காப்பாற்றுவதற்குத் தொப்பி தேவைப்படலாம். நல்ல பல்லை வடிவுக்காக மட்டும் சீவுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

பல் இல்லாத இடத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கழற்றிப் போடும் கட்டுப்பல். செலவு குறைந்தது. பக்கத்துப் பல்லைச் சீவ வேண்டியதில்லை. இரண்டாவது, இருபக்கப் பற்களையும் சீவி அவற்றின் மேல் பொருத்தும் பாலம். மூன்றாவது, தாடை எலும்பில் உலோகத் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கும் "இம்பிளான்ட்". இது நல்லதுதான், ஆனால் செலவு மிக அதிகம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகையிலை பாவிப்பவர்களுக்கும் தோல்வியடையும் வாய்ப்புக் கூட.

கட்டுப்பல் போடுபவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். சவர்க்காரமும் பிரஷும் கொண்டு கழுவலாம். சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும்.

கோணலான பற்களுக்குக் கம்பி போடுவது வெறும் அழகுக்கானது அல்ல. நெருங்கிய பற்களைச் சுத்தம் செய்வது கஷ்டம். ஆனால் அது ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும் வேலை, மாதாமாதம் போக வேண்டும். பிள்ளைகளுக்கு வயதோடு கவனித்தால் சுலபம். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அங்கே காட்டினால் எப்போது, எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள்.

வீடு தேடி வரும் பல்லுக்காரர்

வாயில் வேலை செய்யும் பல் வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வீதியிலும் சந்தையிலும் வீடு வீடாகவும் வந்து பல் ஒட்டுபவர்களிடம் வாயைக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே இல்லை, கருவிகளைக் கிருமி நீக்குவதில்லை. ஒரு வாயில் வைத்ததை இன்னொரு வாயில் வைத்தால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றலாம். கழற்ற முடியாதபடி ஒட்டிய பல்லின் கீழே சாப்பாடு தங்கி அழுகி, பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கும். ஒரு பல்லுக்காக மூன்று பல்லை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வெற்றிலை போடும் சகோதரிகளுக்கு

காவியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் வெற்றிலை போடுவதில் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று கூறியுள்ளது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், உறைப்புச் சாப்பிட எரிவு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வேளைக்குக் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம்.

பல் எப்படி உடைந்தது?

சில சகோதரிகளின் பல் போரில் உடையவில்லை, வீட்டுக்குள் உடைந்தது. "படியில விழுந்திட்டன்" என்று வைத்தியரிடம் சொல்லிவிட்டு வருகிறோம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சொன்னால் உதவி உண்டு. பல அரச வைத்தியசாலைகளில் "மித்துரு பியச" எனப்படும் நட்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்துக் கேட்பார்கள். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். பல்லைத் திருத்திவிட்டு அடியை அப்படியே விட்டால் அடுத்த பல்லும் போகும்.

அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் சில விநாடிகள் தண்ணீரில் அலசுங்கள், உரஞ்ச வேண்டாம். முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்து, சுத்தமான துணியைக் கடித்தபடி வைத்தியசாலைக்குப் போங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு போங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள், எவ்வளவு வேளைக்குப் போகிறீர்களோ அவ்வளவுக்குப் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளின் பாற்பல்லை மட்டும் திருப்பி வைக்கக் கூடாது.

லோன் எடுக்கலாமா?

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்ட முடியாமல் எங்கள் பெண்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியாததல்ல. பல்லழகுக்காக அப்படியொரு கடனில் இறங்க வேண்டாம் என்பதே என் பதில். முதலில் அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யக் கூடியதைச் செய்யுங்கள். மிகுதிக்கு, எந்தெந்தச் சிகிச்சை, எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடம் நிற்கும், இதைவிடச் செலவு குறைந்த வழி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உடனே பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள். இன்று கட்டுப்பல் போட்டுவிட்டு, கையில் காசு சேரும்போது வேறு வழி பார்க்கலாம். அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

அந்தச் சகோதரியோடு நானும் வைத்தியசாலைக்குப் போனேன். முதல் நாள் அவர் வாயைத் திறக்கவே தயங்கினார். "ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று ஏசப் போகிறார்கள் என்று பயம். பல் வைத்தியர் ஏசவில்லை. ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கை மெல்ல மெல்ல அரைத்து எடுத்தார். கீழே முரசு அழுகிப் போயிருந்தது. அது ஆறவே இரண்டு மாதம் சென்றது. கறுத்த பல்லைப் பிடுங்க வேண்டிவரும் என்று பயந்தோம். வேர்ச் சிகிச்சையால் தப்பியது. பிறகு போன பல்லின் இடத்துக்குக் கழற்றிப் போடும் கட்டுப்பல் ஒன்று கிடைத்தது. கட்டுப்பல் எல்லா அரச வைத்தியசாலைகளிலும் செய்வதில்லை. செய்யும் இடத்திலும் காத்திருக்க வேண்டும். எல்லாமாக ஏழு மாதமும் பல பஸ் பயணங்களும் போயின. பெரிய செலவு பஸ் காசும், அந்த நாட்களில் விட்ட கூலியும்தான்.

கட்டிய பல்லின் நிறம் மற்றப் பற்களோடு முழுதாகப் பொருந்தவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும். கறுத்த பல்லும் இன்னும் சற்று மங்கலாகவே இருக்கிறது. முன்பள்ளி வேலை அதற்கிடையில் வேறொருவருக்குப் போய்விட்டது. அது எனக்கும் மனவருத்தம்தான். அடுத்த தடவை கேட்பதற்கு இப்போதே விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார்.

சென்ற கூட்டத்தில் கிணறு திருத்தும் கதை வந்தபோது அவர் பக்கத்தில் இருந்தவரின் காதைத் தேடவில்லை. தானே எழுந்து நின்று சொன்னார். இடையில் ஒரு தடவை பழைய பழக்கத்தில் கை வாய்க்கு வந்தது. பாதியில் நிறுத்தி, கையைக் கீழே விட்டுவிட்டுத் தொடர்ந்து கதைத்தார்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படிக் கையால் மறைத்துச் சிரிப்பவராக இருந்தால், இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வைத்தியசாலையில் பல் வைத்தியர் இருக்கும் நாளை விசாரித்து, அன்றைக்குப் போய் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் உங்கள் சங்கத்தில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.